தபலாப் பயிற்சியும் காயிதாவும்

மக்தபில் ஓதத் தொடங்கும் பிள்ளையின் கையில் முதலில் தரப்படும் சிறுநூலைக் காயிதா என்கிறோம். தில்லி மரபில் தபலா கற்கத் தொடங்குவோர்க்கும் காயிதா உண்டு. நெறி, அடிப்படை எனப் பொருள்படும் அவ்வரபுச் சொல், அங்கே ஒரு சொற்கட்டையும் அதனை விரித்து வாசிக்கும் முறையையும் குறிக்கின்றது. பயிற்சிக்கு அவர்கள் வழங்கும் ரியாஸ் என்னும் பெயரும் அரபு மூலமுடையதே.

பயிற்சியில் சுவையில்லை என்று இடையிலே விட்டுவிடுவோர் பலர். நாமும் அந்நிலை வரை சென்றவரே. கற்கத் தொடங்கிய ஆண்டில் விரைவொன்றையே நாடி, நாளும் 2 மணி நேரம் வாசித்தோம். ஆறு திங்களில் மணிக்கட்டு வலித்தது, விரலோ தெளியவில்லை. இதனை அறிந்த ஆசிரியர் தபலாவை உறையிலிட்டுக் கட்டச் சொல்லிவிட்டு, "வாயால் சொல், கேட்போம்" என்றார். சொல்ல இயலவில்லை! வாய் அறியாததை விரல் எவ்வாறு அறியும்?

தீன்தாளத்திற்கு 16 மாத்திரைகள். 1, 5, 13 ஆகியவற்றில் தட்டு, 9இல் வீச்சு. தில்லியின் புகழ்பெற்ற காயிதா, 'தா தா திட தா தா தூ னா' என்று தொடங்கும். முதல் எட்டு மாத்திரையில் வரும் 'தா' இரு கையும் இணைந்த முழக்கம். ஒன்பதில் வரும் 'தா'வோ இடக்கை ஒலி நீங்கிய வலக்கை ஒலி மட்டுமே. பதின்மூன்றில் முழக்கம் மீளும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால் செவியே பிரித்தறிதல் வேண்டும்.

இனி, சுவை பிறக்கும் இடம். 'தா தா திட' என்பதை மும்முறை அடுக்கி, 'தா தா தூ னா' என முடித்தால் அளவு இருமடங்காகிப் புதிய வடிவம் கிடைக்கும். புறத்திலிருந்து ஒரு சொல்லையும் சேர்த்தல் கூடாது. உள்ள சொற்களையே இடம் மாற்றி அடுக்க வேண்டும். அசையும் சீரும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வின்பத்தை விளக்க வேண்டுவதில்லை. நாளுக்கு ஒரு புது அடுக்கேனும் தாமே அமைத்துப் பார்ப்பவர்க்குச் சலிப்பு எங்கிருந்து வரும்?

தொடக்க நிலையினர்க்கு நாற்பது நிமிடம் போதும் என்பது நம் கருத்து. முதற் பத்து நிமிடம் கைத்தட்டோடு சொல்லுதல். அடுத்து, நொடிக்கொரு சொல்லாக வாசித்தல். அது தெளிந்த பின்னரே இருமடங்கு விரைவு. ஒலி குழம்பினால் உடனே பழைய நடைக்குத் திரும்புக. சாரங்கியிலோ ஆர்மோனியத்திலோ சுழன்று வரும் லெஹ்ரா என்னும் சிற்றிசை உடன் ஒலிப்பின் தனிமை தோன்றாது. இன்று அது கைப்பேசியிலும் கிடைக்கின்றது.

நாற்பது நாள் தனித்திருந்து பயிலும் 'சில்லா' முறையும் வடநாட்டில் உண்டு. நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்த இப்பெயர், சூஃபியர் தனித்தவத்திற்கும் உரியது. கல்லூரி மாணவர்க்கு அதனை நாம் பரிந்துரையோம். ஆனால் உஸ்தாத் அல்லா ரக்கா (1919-2000) தம் மைந்தர் ஜாகிர் உசேனை (1951-2024) இளமையில் விடியுமுன் எழுப்பிச் சொற்கட்டுகளை வாயால் சொல்லப் பயிற்றியதைப் பின்பற்றலாம்.

மூன்று வாரம் கழித்தே உறையை அவிழ்க்க எம் ஆசிரியர் இசைந்தார். அன்று அந்த ஒரு காயிதாவையே மெல்ல வாசித்தோம். மணிக்கட்டு வலிக்கவில்லை.