அரசாங்கப் பத்திர நிதியில் காசு போடலாமா?
விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பத்திரங்கள் பற்றி ஒரு விளக்கம்

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து தஞ்சம் கோரியிருக்கும் உங்களில் சிலர் எங்களிடம் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறீர்கள். "சாமான் விலை ஏற ஏற எங்கட காசும் ஏறுமாம். அரசாங்கம்தான் பொறுப்பாம். ஒருநாளும் குறையாதாம். போடலாமோ?" தெரிந்தவர் ஒருவரோ கடையில் சந்தித்தவரோ இப்படிச் சொல்லியிருப்பார். இதில் முதல் இரண்டும் பெரும்பாலும் சரி. மூன்றாவது பிழை. அந்த மூன்றாவதை நம்பி இருந்ததால் 2022 இல் இந்நாட்டில் படித்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள் என்று பலர் அதிர்ந்து போனார்கள். எனவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் பணவீக்கம் என்றால் என்னவென்று நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முதல் வருடத்தை விட 69.8 வீதம் ஏறியிருந்தது. 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானை வாங்க ஏறத்தாழ 1,700 ரூபா தேவைப்பட்டது. வங்கியில் கிடந்த காசின் தொகை குறையவில்லை, அந்தக் காசுக்கு வரும் சாமான்தான் குறைந்தது. அதே வருடம் ஒக்டோபரில் இங்கேயும் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டது.

பத்திரம் என்பது என்ன?

அரசாங்கமும் கடன் வாங்கும். கடன் கொடுத்தவருக்கு அது கொடுக்கும் பத்திரத்தை இங்கே கில்ட் என்று சொல்வார்கள். சாதாரண கில்டில் வட்டியும் முதலும் தொடக்கத்திலேயே நிச்சயிக்கப்பட்டவை. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அதே தொகைதான் வரும்.

இன்டெக்ஸ் லிங்க்ட் கில்ட் என்பது வேறு வகை. இதன் முதல், சில்லறை விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து ஏறும். 1981 மார்ச்சில் இதை முதன்முதலாக வெளியிட்டபோது ஓய்வூதிய நிதிகள் மட்டுமே வாங்கலாம் என்றிருந்தது. அடுத்த வருடம் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 100 பவுண் பத்திரம், வட்டி 1 வீதம் என்று வையுங்கள். ஒரு வருடத்தில் விலைவாசி 5 வீதம் ஏறினால் முதல் 105 பவுண் ஆகும். வட்டியும் 105 க்குத்தான் கணக்கிடப்படும், அதாவது 1 பவுண் 5 பென்ஸ். வருடா வருடம் இப்படியே போய், தவணை முடியும் நாளில் ஏறிய முதல் முழுவதும் கைக்கு வரும். விலைவாசி இறங்கினால் முதலும் இறங்கும், ஆனால் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஆக, "விலை ஏற ஏறக் காசும் ஏறும்" என்பது உண்மையான பேச்சுத்தான். ஆனால் அந்த வாக்குறுதி தவணை முடியும்வரை பத்திரத்தை வைத்திருப்பவருக்குக் கொடுக்கப்பட்டது. இடையில் விற்கப் போனால், அன்றைக்குச் சந்தையில் என்ன விலையோ அதுதான்.

நிதியில் போட்டால் என்ன வித்தியாசம்?

பெரும்பாலானவர்கள் பத்திரத்தை நேரே வாங்குவதில்லை. பலருடைய காசைச் சேர்த்து இப்படிப்பட்ட பத்திரங்கள் பலவற்றை வாங்கி வைத்திருக்கும் நிதியில், அதாவது ஃபண்டில், பங்கு வாங்குகிறார்கள். சிறு தொகையோடும் சேரலாம், செலவும் குறைவு. ஆனால் நிதிக்குத் தவணை முடியும் நாள் என்று ஒன்று இல்லை. பழைய பத்திரங்களை விற்றுப் புதியவற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் பங்கின் பெறுமதி ஒவ்வொரு நாளும் சந்தை விலைப்படி ஏறி இறங்கும்.

சந்தை விலை ஏன் இறங்குகிறது? உங்கள் கையில் 1 வீதம் தரும் பத்திரம் இருக்கிறது. அரசாங்கம் நாளைக்கு 2 வீதம் தரும் புதிய பத்திரத்தை வெளியிடுகிறது. இனி உங்களுடையதை யார் பழைய விலைக்கு வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் விற்கலாம். தவணைக்கு ஒரு வருடமே இருந்தால் கொஞ்சம் குறைத்தால் போதும். இருபது வருடம் இருந்தால் வாங்குபவருக்கு இருபது வருட நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும், ஆகவே கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைக்க வேண்டிவரும். பிரித்தானியாவின் இந்த வகைப் பத்திரங்களில் நீண்ட தவணை உள்ளவை மிக அதிகம்.

2022 இல் நடந்தது இதுதான். 2021 டிசெம்பர் நடுவில் 0.1 வீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி, ஒரு வருடத்தில் 3.5 வீதமாகியது. விலைவாசி எகிறிய அதே வருடத்தில், விலைவாசியிலிருந்து காப்பாற்றும் என்று வாங்கிய நிதிகள் பல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தன. 3,000 பவுண் போட்டவருக்குக் காகிதத்தில் 2,000 பவுண் அளவில்தான் மிச்சம். அரசாங்கம் ஒரு பென்ஸும் ஏமாற்றவில்லை, கொடுக்க வேண்டிய வட்டியைக் கொடுத்தது. கடன் பாதுகாப்பானது என்பது வேறு, விலை விழாது என்பது வேறு.

குறுகிய தவணைப் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் நிதிகளும் உண்டு. அவை இந்த அளவுக்கு விழுவதில்லை. ஒரு நிதியின் தகவல் தாளில் சராசரித் தவணை எத்தனை வருடம் என்று போட்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், போன வருட இலாபத்தை அல்ல.

உங்கள் நிலையில் இது பொருந்துமா?

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இந்த நிதிக்கு வேண்டியது பல வருடப் பொறுமை. உங்களுக்கோ அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதே தெரியாது. அந்தஸ்து கிடைத்தால் சில வாரங்களுக்குள் ஹோம் ஒபிஸ் தந்த வீட்டை விட வேண்டும். இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு முற்பணமாகப் பெரும்பாலும் ஐந்து வார வாடகை வரை கேட்கலாம், முதல் மாத வாடகை வேறு. அந்தக் காசு அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். சந்தை ஏறும்வரை வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். அப்படியான காசுக்கு, எப்போதும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கே நல்லது. வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 120,000 பவுண் வரை பாதுகாப்பு உண்டு (2025 டிசெம்பர் 1 முதல்). முதலீட்டின் விலை விழுந்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது.

இன்னொன்று, ஊரில் காணியை ஈடு வைத்து மாதம் 3 வீத வட்டிக்குக் கடன்பட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். வருடத்துக்கு அது 36 வீதம். அந்தக் கடன் நிற்கும்போது இந்தப் பத்திரத்தில் காசு போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் மொள்வது போல.

ஹோம் ஒபிஸ் உதவித்தொகை பெறுபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சேமிப்பும் முதலீடும் உங்கள் சொத்தாகவே கணக்கெடுக்கப்படும். முன்பு சொல்லாத காசு கைக்கு வந்தால் அறிவிக்க வேண்டும். மறைத்துப் பிறகு தெரியவந்தால் உதவி நிறுத்தப்படலாம், கொடுத்ததைத் திருப்பியும் கேட்கலாம். "பத்திரத்தில் போட்டால் கணக்கில் தெரியாது" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள். அந்தஸ்து கிடைத்து யுனிவர்சல் கிரெடிட் எடுக்கும்போதும் இதே மாதிரித்தான்: 6,000 பவுணுக்கு மேல் இருந்தால் உதவி குறையும், 16,000 க்கு மேல் பொதுவாகக் கிடைக்காது. முதலீட்டின் அன்றைய பெறுமதியும் இதில் சேரும்.

காசு கேட்டு வருபவர்கள்

உண்மையான நிதி எதுவும் மாதம் 2 வீதம் நிச்சயம் என்று சொல்லாது. கையில் காசாகக் கேட்காது. இன்னொருவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்பதும் கிடையாது. சொந்தக்காரர், ஊர்க்காரர், கோயிலில் கண்டவர் என்பதற்காக விதிவிலக்குக் கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் மற்றவர்களின் காசை வாங்கி முதலீடு நடத்துவது இந்நாட்டில் குற்றம். நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில், அதாவது எஃப்.சி.ஏ. பதிவேட்டில், நிறுவனத்தின் பெயரை எவரும் இலவசமாகத் தேடலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது. பதிவேட்டில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். நல்ல நிறுவனத்தின் பெயரைத் திருடிப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்த நிதியில் போடுவது என்று எங்களால் சொல்ல முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆனால் யாராவது தந்த தாள் உங்களிடம் இருந்தால் கையெழுத்து வைக்க முன் கொண்டுவாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்து விளங்கப்படுத்துவோம். ஏற்கனவே காசு கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் வழக்குக்குப் பிரச்சினை வரும் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டதாக முறையிடுவது புகலிடக் கோரிக்கையைப் பாதிக்காது.