பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பி அனுப்புமுன்

வாக்குமூலம், காயங்களின் படங்கள், சொலிசிட்டரின் கடிதங்கள், ஊரில் இருக்கும் சொந்தக்காரரின் விலாசம் என்று வழக்குக்குரிய எல்லாவற்றையும் உங்களில் கனபேர் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறீர்கள். அது பழுதானால், வாரண்டியில் புதுசு கிடைக்கும்தானே என்று உடனே பொதி செய்து அனுப்பிவிடாதீர்கள். பழையது பெரும்பாலும் திரும்பி வராது. கம்பனி அதைத் திருத்தி வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடும். உள்ளே இருக்கிற தகவலுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று வாரண்டிப் பத்திரத்திலேயே வழக்கமாக எழுதியிருக்கும்.

"நான் எல்லாத்தையும் அழிச்சிட்டன்" என்பீர்கள். வகுப்புப் பதிவேட்டில் பெயரை வெட்டினால் பிள்ளை வாங்கை விட்டு எழும்பிப் போய்விடுமோ? 'டிலீட்' செய்வதும் அப்படித்தான். பெயர் மட்டும் போகும், கோப்பு அங்கேயே கிடக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருவர் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிக்க முடிந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

டிஸ்க் இன்னும் கொஞ்சமாவது வேலை செய்தால், முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு விண்டோஸில் 'ஃபார்மட்' கொடுக்கும்போது 'குயிக் ஃபார்மட்' என்ற இடத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் முழுத் தட்டிலும் பூச்சியம் எழுதப்படும். ஓரிரவு முழுக்க ஓடினாலும் இடையில் நிற்பாட்ட வேண்டாம். எஸ்எஸ்டி வகைக்கு இது போதாது; அதைச் செய்த கம்பனியின் அழிக்கும் மென்பொருளைப் பாவியுங்கள்.

அடியோடு செத்துப்போன டிஸ்க்தான் சிக்கல். உங்களால் துடைக்க முடியாது, ஆனால் கருவி உள்ளவர்களால் வாசிக்க முடியலாம். ஆணி அடித்து ஓட்டை போட்டால் வாரண்டி போய்விடும். என்னைக் கேட்டால், ஊரில் உங்களுக்கு உதவினவர்களின் பெயர் அதற்குள் இருந்தால் வாரண்டியை விட்டுவிடுங்கள். காசு இல்லாத நேரத்தில் இது வலிக்கும், தெரியும். ஆனாலும் அனுப்ப வேண்டாம். லப்டொப் என்றால், டிஸ்க்கைக் கழற்றித் தந்துவிட்டு மிச்சத்தைத் திருத்துவீர்களா என்று கடையில் முதலே கேளுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

புதுசு வாங்கினால் முதல் நாளே பூட்டிவிடுங்கள். மக்கில் 'ஃபைல்வோல்ட்', விண்டோஸில் 'பிட்லொக்கர்' இதற்குத்தான். சில விண்டோஸ் பதிப்புகளில் பிட்லொக்கர் இராது; எங்களிடம் கொண்டுவந்தால் வேறு வழி காட்டுவோம். பூட்டிய டிஸ்க் செத்தாலும் பயமில்லாமல் அனுப்பலாம். அது தரும் மீட்புச் சாவி எண்களைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், லப்டொப் பைக்குள் வேண்டாம்.