தரையிலிருந்து எழும் பந்து



வெளிநாடு செல்வோர் ஆலயங்களையும் அரண்மனைகளையும் கண்டு வருவது வழக்கம். யப்பானுக்குச் சென்றிருந்த என்னை உறவினர் ஒருவர் அழைத்துச் சென்ற இடமோ ஒரு கோல்ஃப் பயிற்சிக்கூடம். ரோக்கியோவின் புறநகரில், உயர்ந்த இரும்புக் கம்பங்களில் கட்டிய பச்சை வலைகளால் சூழப்பட்ட மூன்று மாடிக் கட்டடம் அது.

மலைகள் நிறைந்த அந்நாட்டில் சமநிலம் அரிது. மைதானத்திற்குச் சென்று முழு ஆட்டம் ஆடுவதற்குப் பணமும் வேண்டும், ஒரு நாளும் வேண்டும். ஆகவே, வேலை முடிந்து வருவோர் இத்தகைய கூடங்களில் வரிசையாக நின்று பந்தடித்துப் பழகுகின்றனர். எதிரே 50, 100, 150, 200 எனத் தொலைவை யாரில் காட்டும் பலகைகள் நிற்கின்றன. பந்தின் எடையோ 46 கிராமுக்கும் குறைவு. மட்டையின் முகம் இரண்டு பாகை திரும்பினாலே போதும். 200 யார் தொலைவில் பந்து ஏறக்குறைய ஏழு யார் விலகிவிடும்.

எமக்கு அருகே ஒரு தந்தையும் பத்து வயது மதிக்கத்தக்க மகனும் நின்றனர். சிறுவன் ஓங்கி வீசினான், பந்து அசையவில்லை. மறுபடி வீசினான், சில அடி தூரம் உருண்டு நின்றது. தந்தை ஏதும் பேசவில்லை. குனிந்து, மகனின் கைப்பிடியை மட்டும் திருத்திவிட்டார். அதற்குள் தரையிலிருந்த சிறு குழாய் கீழிறங்கி, புதியதொரு பந்தை ஏந்தியவாறு தானாகவே மேலெழுந்தது.

"மைதானத்தில் பந்தில் படாத வீச்சும் கணக்கில் சேரும், இங்கே எதையும் எண்ணுவதில்லை" என்றார் உறவினர்.

அச்சொல் என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன், கணிதத்தில் குறைந்த புள்ளி பெற்ற என் மகனை விருந்தினர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கையை அவன் என்னிடம் காட்டவில்லை. புத்தகங்களுக்கிடையே ஒளித்து வைத்திருந்தான். அன்று அதற்காகவும் தண்டித்தேன். ஒளிக்கக் கற்பித்தவன் நானே என்பதை உணரவில்லை.

புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அமார்த்தியா'. குறி தவறுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பாவசங்கீர்த்தனத்தில் நாம் முழந்தாளிடுவது, தவறிய குறியைத் தவறவில்லை என்று சாதிப்பதற்காக அன்று. தவறியதை ஒப்புக்கொண்டு மீண்டும் முயல்வதற்காகவே. அந்த இரக்கத்தைப் பெற்று வீடு திரும்பும் நாமே, பிள்ளைகளின் ஒவ்வொரு வீச்சையும் எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

அன்றிரவு மகனுடன் தொலைபேசியில் பேசினேன். இன்று அவனும் ஒரு தகப்பன். மன்னிப்புக் கேட்டபோது நெடுநேரம் மௌனமாயிருந்தான். பின்னர், "நீங்களும் அதை மறக்கவில்லையா, அப்பா?" என்றான்.

அன்பானவர்களே, பிள்ளைகளைத் திருத்தத்தான் வேண்டும். அந்தத் தந்தையும் கைப்பிடியைத் திருத்தினார். ஆனால், தவறியதை அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய இடமாக உங்கள் வீடு இருக்கின்றதா? இன்று இரவுச் செபத்திற்கு முன் அதைச் சற்றுச் சிந்தியுங்கள்.