தாராவி அறைக்கு எந்த அடுப்பு?

மும்பை தாராவியில் வாடகை அறை கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து குடும்பமும் வந்தாயிற்று. இனி அடுப்பு வாங்க வேண்டும்.

பலருடைய கண் முதலில் இண்டக்‌ஷன் அடுப்பின் மீதே விழுகிறது. சிலிண்டர் தேவையில்லை, அறை மாறினால் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால், கடைக்குப் போகும் முன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் காந்தம் வைத்துப் பார்ப்பது நல்லது. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது. சீர்வரிசையில் வந்த அலுமினிய இட்லிக் கொப்பரையும் பித்தளைப் பானையும் பரணுக்குத்தான் போகும்! இரும்புத் தோசைக்கல் தட்டையாக இருந்தால் சரி. அடி உருண்ட வாணலி சரிப்படாது.

2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் செலவு. அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். விளக்குக்கு இழுத்த ஒயரில் செருகினால் ஒயர் உருகும். சப்-மீட்டருக்கு யூனிட் என்ன விலை என்று அறைக்காரரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

காஸ் அடுப்பில் எந்தப் பாத்திரமும் ஏறும். மும்பை முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் உண்டு. அடையாள அட்டை போதும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைவிடக் கிலோவுக்கு விலை கூடுதல்தான். ஆனாலும் ஏணிப்படியில் தூக்கிச் செல்ல அதுவே சுலபம்.

கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். சமைத்த அறையிலேயே பாய் விரித்துப் படுப்பவர்கள், இரவில் ரெகுலேட்டரை மூடிய பிறகே விளக்கை அணைக்க வேண்டும்.