மஸ்டாங்: ஐந்து சகோதரிகளும் கம்பி அடித்த வீடும்

டெனிஸ் கம்ஸே எர்குவென் இயக்கிய 'மஸ்டாங்' 2015இல் வெளிவந்த துருக்கி மொழிப் படம். பிரான்ஸின் சார்பில் ஒஸ்காருக்குச் சென்று இறுதிப் பட்டியல்வரை வந்தது. மஸ்டாங் என்பது அமெரிக்கக் காட்டுக் குதிரை.

கருங்கடலோரக் கிராமம். தாய் தகப்பனை இழந்த ஐந்து சகோதரிகள்: சோனாய், செல்மா, எஜே, நூர், லாலே. பாடசாலை விடுமுறை விட்ட அன்று கடலில் ஆண்பிள்ளைகளின் தோளில் ஏறி விளையாடுகிறார்கள். அயல்வீட்டுக்காரி கோள் சொல்ல, பாட்டியிடம் அடி விழுகிறது. அதற்குப் பிறகு தொலைபேசி பறிபோகிறது, மதில் உயர்கிறது, ஜன்னலுக்குக் கம்பி வருகிறது. சமையலும் தையலும்தான் இனிப் படிப்பு. ஒவ்வொருத்தியாகப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

இவர்களைப் பூட்டுவது மார்க்கத் தீர்ப்பு ஒன்றுமல்ல, 'ஊர் என்ன கதைக்கும்' என்ற பயம்தான். மானம் காக்கக் கம்பி அடித்த ஏரோல், அவர்களை வளர்க்க வேண்டிய சொந்த இரத்தம், இரவில் அந்தப் பிள்ளைகளின் அறைக்குப் போகிறான். ஆபத்து வெளியே என்று நினைத்தோம். அது உள்ளேதான் இருந்தது.

சோனாய் அடம்பிடித்து, விரும்பியவனையே கட்டுகிறாள். செல்மாவுக்கு அந்த வாய்ப்பில்லை. எஜே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது நபிமொழி. இருந்தும் எங்கள் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. செல்மா மணப்பெண்ணாக இருந்த காட்சியில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

படத்தில் ஒரு சிரிப்பும் உண்டு. பெண்களுக்கு மட்டுமான உதைபந்தாட்டப் போட்டிக்குப் பிள்ளைகள் களவாகப் போய்விடுகிறார்கள். தொலைக்காட்சியில் ஆண்கள் கண்டுவிடக் கூடாதென்று மாமி ஊரின் மின்சாரத்தையே துண்டிக்கிறாள். இது வெறும் கற்பனையல்ல. 2011இல் இஸ்தான்புல்லில் பெண்களும் சிறுவர்களும் மட்டும் பார்த்த போட்டி உண்மையாகவே நடந்தது. சகோதரித்துவம் கூடப்பிறந்தவர்களோடு நின்றுவிடுவதில்லை, வழக்கத்துக்குக் காவல் நிற்கும் பெண்ணின் மனதிலும் அது ஒளிந்திருக்கிறது என்று அந்த இடம் விளக்குகிறது.

மேற்கின் கண்ணால் எங்களைக் காட்டுகிறது என்ற குறை துருக்கியிலேயே எழுந்தது. அதில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஏரோலுக்கு நல்ல பக்கம் ஒன்றுமே இல்லை. ஊர் ஆண்களில் லொறிக்காரன் யாசீன் ஒருவன்தான் மனுசனாகத் தெரிகிறான். ஆனால் குறையைச் சொல்லிவிட்டு எஜேயை மறந்துவிட முடியாது.

நூரின் கலியாண இரவில் அவளும் கடைக்குட்டி லாலேயும் வீட்டை உள்ளிருந்து பூட்டுகிறார்கள். அவர்களை அடைக்க அடித்த கம்பிதான் அன்று மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. தப்பி இஸ்தான்புல்லுக்குப் போய், லாலே தன் பழைய ரீச்சரின் கதவைத் தட்டுகிறாள். விலாசத்தை ரீச்சர் முன்பே கொடுத்திருந்தார்.

படிப்பிக்கும் எனக்கு அந்த விலாசம்தான் உறுத்துகிறது. ஒரு பிள்ளை வகுப்புக்கு வராமல் விட்டால், "மாப்பிள்ளை சரிவந்திட்டாம்" என்று இடாப்பில் பேரை வெட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். அவள் தட்டுவதற்கு எங்கள் கதவு எது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோமா?