இரண்டு சதவீதத்தை யார் சுமப்பது?

மின்சாதனக் கடை ஒன்றில் 5,000 ரூபாய் விலையுள்ள மிக்ஸி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பற்று அட்டையை நீட்டுகிறோம். ‘கார்டு என்றால் இரண்டு சதவீதம் சேரும்; ரொக்கம் என்றால் இதே விலைதான்’ என்கிறார் கடைக்காரர். சிலர் முணுமுணுத்தபடியே நூறு ரூபாயைக் கூடுதலாகத் தருகின்றனர். சிலர் ஏடிஎம் தேடி நடக்கின்றனர். கடைக்காரர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. மின்னணு முறையில் பணம் பெறுவதற்கு அவர் உண்மையிலேயே கட்டணம் செலுத்தக்கூடும். ஆயினும், அதனை வாடிக்கையாளரிடம் வசூலிக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, நாம் எந்த வழியில் பணம் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

கட்டணம் பிறக்கும் இடம்

அட்டை மூலம் செலுத்தப்படும் பணம் மூன்று கைகளைக் கடந்தே வணிகரின் கணக்கை அடைகிறது. முதலாவது, வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கிய வங்கி. இரண்டாவது, ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பு. மூன்றாவது, வணிகருக்குக் கருவியோ கியூஆர் குறியீடோ வழங்கிய வங்கி. இம்மூன்றின் சேவைக்காக வணிகரின் வரவிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் தொகையே ‘எம்டிஆர்’ எனப்படும் வணிகர் தள்ளுபடி விகிதம். இது வணிகருக்கு வந்து சேரும் தொகையில் கழிக்கப்படுவதால் வாடிக்கையாளரின் கண்ணில் படுவதில்லை.

எந்த வழிக்கு எவ்வளவு?

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் யுபிஐ, ரூபே பற்று அட்டை ஆகியவற்றுக்கு 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, இவ்வழிகளில் பணம் செலுத்துபவரிடமோ பெறுபவரிடமோ வங்கிகள் கட்டணம் விதிக்கலாகாது. இதனால் வங்கிகளுக்கு நேரும் செலவின் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாக ஈடுசெய்து வந்துள்ளது. 2024-25 நிதியாண்டுக்கென ஒப்புதல் அளிக்கப்பட்ட திட்டத்தின் மதிப்பு 1,500 கோடி ரூபாய். சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரை நடைபெறும் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு 0.15 சதவீத ஊக்கத்தொகையை அத்திட்டம் வகுத்தது.

பிற பற்று அட்டைகளுக்கு 2018 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்துள்ளது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள வணிகருக்கு, கருவியில் அட்டையைப் பயன்படுத்தினால் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. அதற்கு மேற்பட்ட வணிகருக்கு 0.90 சதவீதம், உச்சவரம்பு 1,000 ரூபாய்.

கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு இல்லை. வணிகரும் வங்கியும் செய்துகொள்ளும் ஒப்பந்தமே விகிதத்தைத் தீர்மானிக்கிறது. அது பொதுவாக இரண்டு சதவீதத்தை ஒட்டி அமைகிறது. கடைகளில் நாம் கேட்கும் ‘இரண்டு சதவீதம்’ இங்கிருந்து வந்ததே. இதனைப் பற்று அட்டைக்கும் யுபிஐக்கும் பொருத்துவதில்தான் பிழை நேர்கிறது.

இங்கு ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். யுபிஐ என்பது பாதை. அதில் செல்லும் வண்டி வேறாக இருக்கலாம். ஒரே கியூஆர் குறியீட்டில் ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்தும், மற்றொருவர் யுபிஐயுடன் இணைத்த ரூபே கடன் அட்டையிலிருந்தும், வேறொருவர் முன்பணப் பையிலிருந்தும் செலுத்தக்கூடும். பின்னிரண்டில் தொகை 2,000 ரூபாயைக் கடக்கும்போது வணிகர் தரப்பில் கட்டணம் எழலாம். அப்போதும் அது வாடிக்கையாளரின் பொறுப்பன்று.

கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது பொருளின் விலை மீதன்று, கட்டணத் தொகையின் மீது மட்டுமே. ஆகவே இரண்டு சதவீதக் கட்டணம் வரியோடு சேர்ந்து 2.36 சதவீதம் ஆகிறது. 2,000 ரூபாய் வரையிலான அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு வங்கி வழங்கும் சேவைக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உள்ளது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர், செலுத்திய வரியை விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம்.

வாங்குவோர் கவனத்திற்கு

பற்று அட்டைக்கான கட்டணத்தை வணிகர் வாடிக்கையாளர் மீது சுமத்தாதவாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் ஒப்படைத்துள்ளது. எனவே பற்று அட்டைக்கோ யுபிஐக்கோ கூடுதல் தொகை கேட்கப்பட்டால் பணிவுடன் மறுக்கலாம். வேறு வழியின்றிச் செலுத்த நேர்ந்தால், அத்தொகையை ரசீதில் தனியாகக் குறிக்கச் செய்யுங்கள். கருவி அச்சிடும் சீட்டில் வணிகரின் வங்கிப் பெயர் பெரும்பாலும் இருக்கும். அவ்வங்கிக்கே புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் முறையிடலாம். வங்கியின் சேவை குறித்த புகாருக்கு 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இணையக் கடைகளில் ‘வசதிக் கட்டணம்’, ‘தளக் கட்டணம்’ என்ற பெயர்களில் சேர்க்கப்படும் தொகைகள் வேறு. அவை எம்டிஆர் அல்ல. விற்பனைத் தளம் தன் சேவைக்கென விதிப்பவை. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துமுன் இறுதித் தொகையின் விவரத்தைப் பார்ப்பதே இதற்கு வழி.

யுபிஐ மூலம் கடைக்குச் செலுத்திய பணம் நம் கணக்கில் கழிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிச் செய்தி சேராவிட்டால், பரிவர்த்தனை நாளை அடுத்த ஐந்து நாள்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

விற்போர் கணக்கு

வணிகரின் மனக்குறைக்கும் நியாயம் உண்டு. கட்டணம் விற்பனைத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது; லாபத்தின் மீதன்று. மும்பையின் தாராவியில் தோல்பைகள் விற்கும் சிறு வணிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2,500 ரூபாய் விலையுள்ள பையில் அவருக்குப் பத்து சதவீதம், அதாவது 250 ரூபாய், லாபம் நிற்கிறது. வாடிக்கையாளர் கடன் அட்டையில் செலுத்தினால் 2.36 சதவீதமாகிய 59 ரூபாய் கழிகிறது. விலையில் சிறு துளியாகத் தோன்றும் அத்தொகை, லாபத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இந்த 59 ரூபாயை அந்த ஒரு வாடிக்கையாளரிடமே கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் முழு மாதக் கணக்கைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. அவருடைய மாத விற்பனை 1,50,000 ரூபாய் என்க. அதில் 90,000 ரூபாய் வங்கிக் கணக்குகளிலிருந்து யுபிஐ வழியாக வருகிறது, கட்டணம் இல்லை. 22,500 ரூபாய் ரூபே அல்லாத பற்று அட்டைகளில் வருகிறது, 0.40 சதவீத வீதம் 90 ரூபாய். 37,500 ரூபாய் கடன் அட்டைகளில் வருகிறது. இரண்டு சதவீத வீதம் 750 ரூபாய். மொத்தம் 840 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து 991 ரூபாய் 20 காசு. மொத்த விற்பனையில் இது 0.66 சதவீதமே. ஒரு பைக்குப் பகிர்ந்தால் 16 ரூபாய் 50 காசு. கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் போல இதனையும் விலை நிர்ணயத்திலேயே சேர்த்துவிட்டால், வாடிக்கையாளருடன் வாதிட வேண்டிய தேவை எழாது. விதியை மீற நேராது.

மொத்த விற்பனைக்கு வழி வேறு. அதே வணிகர் புனேயிலுள்ள கடைக்கு 80,000 ரூபாய்ச் சரக்கு அனுப்புகிறார் என்க. கடன் அட்டையில் பணம் பெற்றால் 1,888 ரூபாய் கழியும். நெஃப்ட் மூலம் வங்கிக் கணக்கிலேயே பெற்றால் இக்கழிவு இல்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் எந்நேரமும் இயங்குகிறது. இணையம் வழி நெஃப்ட் அனுப்பும் சேமிப்புக் கணக்கினருக்கு 2020 ஜனவரி முதல் கட்டணமில்லை; நடப்புக் கணக்கினர் தம் கிளையில் விவரம் கேட்டறியலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மேலும் மூன்றைக் கேளுங்கள். கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் மாத வாடகை எவ்வளவு? விற்ற பணம் எத்தனை நாளில் கணக்கில் சேரும்? பொருள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பித் தரும்போது, பிடித்த கட்டணமும் திரும்புமா? திரும்பாது எனில், திரும்பி வரும் ஒவ்வொரு பொருளிலும் அது நட்டமாகும்.

இணையச் சந்தைகளில் விற்போர், தரகுக் கட்டணத்தோடு வரிப் பிடித்தங்களையும் காண்பர். 2024 ஜூலை 10 முதல் ஜிஎஸ்டியின் கீழ் 0.5 சதவீதமும், 2024 அக்டோபர் 1 முதல் வருமான வரியின் கீழ் 0.1 சதவீதமும் பிடிக்கப்படுகின்றன. இவை செலவல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டிச் செலுத்தப்படும் வரி. கணக்குத் தாக்கலின்போது வரவு கோர மறந்தால்தான் இழப்பு.

கட்டணம் என்ற பெயரில் மோசடி

பழைய மேசையையோ இருசக்கர வாகனத்தையோ இணையத்தில் விற்க முயல்வோரிடம், ‘பணத்தைப் பெறச் சிறு கட்டணம் செலுத்துங்கள்’, ‘ரகசிய எண்ணை இடுங்கள்’ என்று சிலர் கேட்பர். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ரகசிய எண் கேட்கப்படும் இடத்தில் பணம் நம்மிடமிருந்து வெளியேறுகிறது என்பதே பொருள். ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமின்றித் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

வணிக வாடிக்கையாளர்கள் இம்மாதத் தீர்வறிக்கையை எடுத்து, கட்டணமாகக் கழிந்த மொத்தத் தொகையை விற்பனைத் தொகையால் வகுத்துப் பாருங்கள். யுபிஐயிலோ ரூபே பற்று அட்டையிலோ எம்டிஆர் பிடிக்கப்பட்டிருந்தால், அறிக்கையுடன் உங்கள் கிளையை அணுகுங்கள். வாங்குவோரும் ரசீதைப் பார்த்த பின்னரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் யாருடையது என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தால், அந்த நூறு ரூபாய் கல்லாவுக்கு அருகில் வாக்குவாதமாக மாறாது.