சீட்டு இல்லாமல் வண்டி நகராது!

பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்த தாய்மார்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு நாள் குதூகலம்; மூன்றாம் நாள் அது பரண்மேல்! ஏன்? வட்டமாகச் சுற்றுகிற வண்டிக்குப் போய்ச் சேர ஓர் ஊரும் இல்லை, கொண்டுபோகச் சரக்கும் இல்லை.

இதற்கு வழி சொன்னவர் என் மாமனார். ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது. ஒருநாள் என் மகன் ரயில் விடுவதைப் பார்த்தவர், "மக்கா, சும்மா சுத்துனா அது ராட்டினம்லா! வண்டின்னா சரக்கு வேணும், சரக்குன்னா சீட்டு வேணும்" என்றார்.

நிஜ ரயிலில் சரக்கு அனுப்புகிறவர் முதலில் 'பார்வர்டிங் நோட்' எழுதித் தருவார். சரக்கு ஏறியதும் ரயில்வே ரசீது, அதாவது ஆர்.ஆர்., கிடைக்கும். அதை ஒப்படைத்தால்தான் சேருமிடத்தில் சரக்கு கைக்கு வரும். குறித்த நேரத்தில் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ். இறக்கிய சரக்கை எடுத்துப் போகாவிட்டால் வார்பேஜ். இன்று இவை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாலும் கணக்கு அதேதான்.

அமெரிக்காவில் பெரியவர்களே மாடல் ரயிலை இப்படி ஓட்டுகிறார்கள். 1961-ல் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் டக் ஸ்மித் என்பவர் எழுதிய அட்டை-சீட்டு முறை இன்றும் பழக்கத்தில் இருக்கிறது.

நாம் செய்வது சுலபம். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, வேகனுக்கு ஓர் அட்டை தயாரியுங்கள். அதில் வேகனின் எண்ணை எழுதுங்கள். அடிப்பக்கத்தை மடித்து ஒட்டினால் சின்னப் பை கிடைக்கும். அதில் செருகும் சீட்டில் முன்பக்கம் இரண்டு முனை, பின்பக்கம் இரண்டு முனை, ஆக நான்கு பயணங்கள்:

1. காலி வேகன், தூத்துக்குடிக்கு.
2. உரம், தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவிலுக்கு.
3. காலி வேகன், தாழையூத்துக்கு.
4. சிமெண்ட், தாழையூத்திலிருந்து நாகர்கோவிலுக்கு.

சோப்பு டப்பாக்கள்தான் ஸ்டேஷன்கள். சீட்டில் உள்ள ஊரில் வேகனைக் கழற்றி வைத்ததும் சீட்டைத் திருப்பிச் செருக வேண்டும். நான்காவது முடிந்தால் மறுபடி முதலாவது. விளையாட்டு ஓயவே ஓயாது!

"நாகர்கோவிலுக்கு எப்போ தாத்தா ரயில் வந்துது?" என்றான் மகன்.

"திருவனந்தபுரத்துலேர்ந்து 1979-ல, திருநெல்வேலிலேர்ந்து 1981-ல. அதுக்கு முன்னால நம்ம மாவட்டத்துல தண்டவாளமே கிடையாது மக்கா!"

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் மாமாவே கண்ணாடி மாட்டிக்கொண்டு சீட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார். வேகன் தாமதமானால் டெமரேஜ் ஒரு கடலைமிட்டாய். வசூலில் அவர் மகா கண்டிப்பு! "எம்மா, கணக்கு நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று அவராகக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஓய்வு பெற்ற பெரியவர் இருப்பார். தபாலாபீசோ, மில்லோ, பஸ் டிப்போவோ, அவர் எழுதிய சீட்டு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்களேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு, அவருக்கு மறுபடியும் ஒரு வேலை.